அஷ்டமி திதி மட்டும் ஏன் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் நாள் மாறுகிறது?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அம்மா தவறியது தை மாதம் தேய்பிறை அஷ்டமியில். இந்த வருடத் திவசத்துக்கு நாள் குறிக்க உட்கார்ந்தோம். வீட்டில் இருக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் அஷ்டமி செவ்வாய் மாலை 4.10-க்குத் தொடங்கி புதன் மாலை 4.05 வரை இருக்கிறது. அண்ணி வீட்டுத் திருக்கணிதத்தில் செவ்வாய் காலை 10.50 முதல் புதன் காலை 11.20 வரை. முதலாவதில் சிராத்த திதி புதன் என்று போட்டிருக்கிறது, இரண்டாவதில் செவ்வாய். அண்ணன் மதுரையில் செய்கிறார், தம்பி டொரண்டோவில் செய்கிறான். இருவருக்கும் நான்தான் நாள் சொல்ல வேண்டும். இரண்டில் எதை எடுப்பது? வானம் ஒன்றுதானே, ஏறக்குறைய ஐந்து மணி நேர வித்தியாசம் எப்படி வருகிறது? தெரிந்தவர்கள் விளக்கினால் மனசு ஆறும்.

திண்ணைவாசி:
அம்மா, குழப்பமே வேண்டாம். உங்கள் அப்பா, தாத்தா காலத்தில் எந்தப் பஞ்சாங்கம் பார்த்தார்களோ அதையே பாருங்கள். வீட்டுக்கு வரும் சாஸ்திரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

நாழிகை:
திண்ணைவாசி ஐயா சொன்னது நடைமுறைக்குச் சரி. ஆனால் வைகைக்கரை அம்மா காரணமும் கேட்டிருக்கிறார், அதைச் சொல்ல வேண்டும்.

பஞ்சாங்கம் என்றால் வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து. இதில் வாரம் மட்டும்தான் சூரிய உதயத்தில் பிறந்து அடுத்த உதயத்தில் முடிகிறது. மற்ற நான்கும் சூரிய சந்திரர்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. அவை பகல் இரவு பார்ப்பதில்லை, நள்ளிரவிலும் மாறும், நடுப்பகலிலும் மாறும்.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணம். இரண்டும் ஒரே பாகையில் சேரும் கணத்தில் அமாவாசை முடிகிறது. அங்கிருந்து சந்திரன் 12 பாகை முந்தினால் பிரதமை முடிந்தது, 24 பாகை என்றால் துவிதியை முடிந்தது. 180 பாகையில் பௌர்ணமி முடிந்து தேய்பிறை ஆரம்பம். 360 பாகைக்கு முப்பது திதி. கடிகாரத்தில் பெரிய முள் சின்ன முள்ளைத் தாண்டி ஓடுவதுபோல் சந்திரன் சூரியனைத் தாண்டி ஓடுகிறது. ஒரு சுற்று முந்தி மறுபடி சேர சராசரியாக 29.53 நாள். அதை முப்பதால் வகுத்தால் ஒரு திதிக்கு ஏறத்தாழ 23 மணி 37 நிமிடம். ஒரு நாளைவிடச் சற்றுக் குறைவு. அதனால்தான் திதி மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து, சில சமயம் இரண்டு உதயங்களுக்கு நடுவிலேயே பிறந்து முடிந்தும் போகிறது.

இப்படி ஓடிக்கொண்டே இருக்கும் திதியை ஒரு கிழமைக்கு உரியதாக்க விதி வேண்டும். அந்த விதி காரியத்துக்குக் காரியம் மாறும். சிராத்தத்துக்கு அபராஹ்ண காலம் முக்கியம். உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பகுதி அது. தை மாதம் மதுரையில் ஆறரைக்கு மேல்தான் உதயம், எனவே அபராஹ்ணம் ஏறத்தாழ பகல் 1.30 முதல் 3.50 வரை. இப்போது நீங்கள் கொடுத்த நேரங்களைப் பாருங்கள். வாக்கியத்தில் அஷ்டமி செவ்வாய் 4.10-க்குத்தான் பிறக்கிறது, செவ்வாய் அபராஹ்ணத்தில் அது இல்லை. புதன் அபராஹ்ணத்தில் முழுதும் இருக்கிறது. திருக்கணிதத்தில் செவ்வாய் அபராஹ்ணம் முழுதும் அஷ்டமி, புதன் 11.20-க்கே நவமி வந்துவிடுகிறது. இரண்டு பஞ்சாங்கமும் ஒரே விதியைத்தான் கையாண்டிருக்கின்றன. வித்தியாசம் சந்திரனின் இடத்தைக் கணித்த முறையில். வாக்கியம் பழைய சித்தாந்தக் கணக்கை எடுக்கிறது, திருக்கணிதம் வானில் காண்பதோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கை எடுக்கிறது.

வைகைக்கரை:
ஐயா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஒரு சந்தேகம். அப்பாவுக்கு அமாவாசைத் திதி. அவருடைய திவசத்துக்கு இந்த இரண்டு பஞ்சாங்கமும் ஒரு தடவைகூட நாள் மாறிச் சொன்னதில்லை. அமாவாசை நேரத்தில் வித்தியாசம் வந்தாலும் நிமிடக் கணக்குதான். அம்மாவின் அஷ்டமிக்கு மட்டும் ஏன் இத்தனை மணி நேரம்? அதுவும் எல்லா வருடமும் இல்லை. சில வருடம் ஒத்துப்போகிறது, சில வருடம் விலகுகிறது.

நாழிகை:
இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

சந்திரன் பூமியை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. பூமிக்கு அருகில் வரும்போது நாளுக்கு 15 பாகை வரை ஓடும், தூரத்தில் போகும்போது 12 பாகைக்கும் சற்றுக் குறையும். எனவே சீரான வேகத்தில் போயிருந்தால் எங்கே நிற்குமோ அந்த இடத்திலிருந்து உண்மையான சந்திரன் முன்னும் பின்னும் விலகி நிற்கும். இந்த விலகலைத் திருத்தத்தான் சித்தாந்தங்கள் எனும் நம் பழைய வானியல் நூல்கள் மந்த சம்ஸ்காரம் என்ற திருத்தத்தைக் கொடுத்தன. சந்திரனுக்கு அதன் உச்ச அளவு சுமார் 5 பாகை.

உண்மையில் நீள்வட்டத்தால் மட்டும் வரும் விலகல் 6 பாகை 17 கலை (60 கலை ஒரு பாகை). அது போக இன்னொன்று இருக்கிறது. சூரியனும் சந்திரனை இழுக்கிறது, அந்த இழுப்பு நீள்வட்டத்தின் வடிவத்தையே மாற்றுகிறது. இதனால் வரும் இரண்டாவது விலகல் 1 பாகை 16 கலை வரை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்த இரண்டாவது முதலாவதைக் குறைக்கும்: 6.17-இல் 1.16 போனால் 5 பாகை 1 கலை. சித்தாந்தம் சொன்ன 5 பாகை அப்படியே வந்து நிற்கிறது! ஆனால் அஷ்டமியை ஒட்டி இரண்டும் கூடிவிடும்: 7 பாகை 33 கலை. சித்தாந்தம் அங்கேயும் 5 பாகைதான் திருத்துகிறது. மிச்சம் இரண்டரை பாகை. சந்திரன் சூரியனைவிட நாளுக்குச் சுமார் 12 பாகை கூடுதலாக ஓடுகிறது என்றால், இரண்டரை பாகைக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். உங்கள் பஞ்சாங்கங்களில் காணும் வித்தியாசம் இதுதான்.

முன்னோர் ஏன் அமாவாசை பௌர்ணமிக்குப் பொருந்தும் எண்ணை எடுத்தார்கள்? தங்கள் கணிதம் சரியா என்று பார்க்க அவர்களிடம் இருந்த மிகத் துல்லியமான சோதனை கிரகணம். சூரிய கிரகணம் அமாவாசையில், சந்திர கிரகணம் பௌர்ணமியில். அந்த இரண்டு இடத்திலும் சரிபார்த்துச் சரிபார்த்து நிறுத்திய கணிதம் அது. அந்த இரண்டு இடத்தில் அது இன்றும் நெருங்கி நிற்கிறது. தொலைநோக்கி இல்லாத காலத்தில் 5 பாகை என்று குறித்த கையை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

எல்லா அஷ்டமியிலும் ஐந்து மணி விலகாது என்பதற்கும் காரணம் இதிலேயே உண்டு. அஷ்டமி அன்று சந்திரன் பூமிக்கு மிக அருகிலோ மிகத் தூரத்திலோ நின்றால் இரண்டு விலகலும் கிட்டத்தட்டப் பூஜ்யம், பஞ்சாங்கங்கள் ஒத்துப்போகும். நடுவழியில் நின்றால் முழு வித்தியாசமும் தெரியும். அதனால்தான் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. சப்தமி, நவமிக்கும் இதே பிரச்சினை உண்டு. துவிதியை, சதுர்த்தசிக்குக் குறைவு.

கொள்ளிடம்:
நாழிகை அவர்கள் கணக்கு சரி. ஆனால் வாக்கியத்தைப் பழைய காலத்து அரைகுறைக் கணக்கு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தலைமுறையாக வாக்கியம்தான்.

வரருசி வாக்கியங்கள் என்று வழங்குபவை 248. சந்திரன் தன் உச்சத்திலிருந்து (பூமிக்கு மிகத் தூரமான இடம்) புறப்பட்டு மறுபடி உச்சத்துக்கு வர ஏறத்தாழ 27.55 நாள். ஒன்பது சுற்று சேர்ந்தால் 248 நாளுக்கு மிக அருகில் வரும். எனவே 248 நாளுக்குச் சந்திரனின் நகர்வை எழுதிவைத்துவிட்டால் பிறகு அதே வரிசை திரும்பும். ஒவ்வொரு நாளின் பாகை கலையையும், எண்களுக்கு எழுத்துகளைக் குறிக்கும் கடபயாதி முறையில் எழுத்தாக்கி, மனப்பாடம் செய்யும்படி ஒரு வாக்கியமாக்கினார்கள். பலகையும் சோழியும் வைத்துக்கொண்டு, ஏடு இல்லாமல், அந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே கிரகணம் வரை கணித்தவர்கள் இருந்தார்கள்.

அடுத்தது தர்ம சாஸ்திரம். 'பாணவிருத்தி ரசக்ஷயம்' என்பது வழி வழியாக வந்த விதி. திதி அறுபது நாழிகைக்கு (ஒரு முழு நாள்) மேல் ஐந்து வளரலாம், ஆறு குறையலாம். அதாவது 65-க்கு மேல் போகாது, 54-க்குக் கீழே வராது. ஏகாதசி உபவாசம், சிராத்தம் எல்லாம் இந்த வரம்பை நம்பித்தான் விதிக்கப்பட்டவை. திருக்கணிதத்தில் திதி 67 நாழிகை வரை போகிறது, 50 நாழிகைக்கும் குறுகுகிறது. விதி ஒரு கணக்கில் பிறந்திருக்க, நாளை வேறு கணக்கில் எடுத்தால் இரண்டும் எப்படிப் பொருந்தும்?

கரும்பலகை:
கொள்ளிடம் ஐயாவின் வாதத்தை மதிக்கிறேன். வாக்கியக் கணிதத்தின் அழகில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கண்டதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற பிடிவாதமும் நம் மரபுக்குள் இருந்து வந்ததுதான்.

932-இல் வானியலாளர் முஞ்சாளர் சந்திரனுக்கு இரண்டாவது சம்ஸ்காரம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். நாழிகை சொன்ன சூரிய இழுப்பின் விளைவு அதில் இருக்கிறது. கேரளத்தில் சங்கமகிராம மாதவர் சந்திர வாக்கியங்களையே விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரை திருத்தி எழுதினார். அவர் வழியில் வந்த பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களை நேரில் பார்த்துக் குறித்து, 1431-இல் திருக்கணித முறையை வகுத்தார். ஒடிசாவில் சாமந்த சந்திரசேகரர் (1835–1904) மூங்கிலாலும் மரத்தாலும் செய்த கருவிகளை வைத்துக்கொண்டு வெறுங்கண்ணால் சந்திரனின் மூன்று விலகல்களைக் கண்டார். பூரி ஜகந்நாதர் கோயில் அவர் கணிதத்தை ஏற்றது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தவர். நம் பஞ்சாங்கங்களைத் திருக்கணிதத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதியும் பேசியும் போராடினார்.

'பாணவிருத்தி ரசக்ஷயம்' என்பது அன்றைய கணிதத்தில் திதி எவ்வளவு நீளும், குறுகும் என்பதன் விடை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கணிதம் திருந்தினால் விடையும் திருந்தும். திருக்கணிதக்காரர்கள் அதைச் 'சப்தவிருத்தி தசக்ஷயம்' என்கிறார்கள், ஏழு வளரும், பத்துக் குறையும்.

கொள்ளிடம்:
வரம்பு கணக்கின் விடை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விரத விதிகளை யாரும் புதிதாக எழுதவில்லையே. அதுவரை கணக்கையும் விதியையும் ஒரே இடத்திலிருந்து எடுப்பதுதான் ஒழுங்கு என்பது என் நிலை. கோயில்களும் அப்படித்தான் இருக்கின்றன. திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29 அன்று மீனத்துக்கு வந்தது, ஊரெல்லாம் பேச்சு. திருநள்ளாற்றில் வாக்கியம்தான், பெயர்ச்சி 2026-இல் என்று கோயில் சொல்லிவிட்டது.

வல்லைவெளி:
தங்கச்சி, டொரண்டோ விஷயத்தை ஒருத்தரும் தொடவில்லை. நான் கனடாவில்தான் இருக்கிறேன், யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்களுக்குள்ளும் வாக்கியமா திருக்கணிதமா என்ற இதே வழக்கு உண்டு.

திதி முடிகிற கணம் உலகம் முழுக்க ஒன்றுதான். சந்திரன் அந்தப் பாகைக்கு வருவது மதுரைக்கும் டொரண்டோவுக்கும் ஒரே நேரம். மாறுவது உள்ளூர் மணியும் உதயமும். தை மாதத்தில் டொரண்டோ மணி இந்திய மணிக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். உங்கட வாக்கியப் பஞ்சாங்கத்தில் புதன் மாலை 4.05-க்கு முடிகிற அஷ்டமி டொரண்டோவில் புதன் விடிய 5.35-க்கே முடிந்துவிடும், சூரியன் உதிக்க முன்னம். அது தொடங்கியது இங்கத்தைய செவ்வாய் விடிய 5.40-க்கு. திருக்கணிதப்படி திங்கள் நள்ளிரவு தாண்டி 12.20-க்குத் தொடங்கி, செவ்வாய் நள்ளிரவு தாண்டி 12.50-க்கு முடியும். எதை எடுத்தாலும் இங்கே செவ்வாய் அபராஹ்ணம் முழுக்க அஷ்டமி. ஆகவே உங்கட தம்பிக்கு ஒரு குழப்பமும் இல்லை, செவ்வாய்க்கிழமை.

ஊரில் அடித்த காலண்டரைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு அதில் போட்ட கிழமையையே இங்கே பிடிப்பவர்கள் கனபேர். மனத்தாங்கலாக இருக்கும். தாய்க்குச் செய்கிற காரியம், அந்தத் திதியிலேயே செய்யலாமல்லோ. இப்ப டொரண்டோவுக்கென்றே கணித்த பஞ்சாங்கங்கள் வருகுது.

வைகைக்கரை:
அண்ணா, கண்ணில் நீர் வந்துவிட்டது. தம்பி போன வருடமெல்லாம் எங்கள் கிழமையைத்தான் பிடித்தான். இந்த முறை அவன் ஊர்க் கணக்குப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஆடிப்பட்டம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த உதய விஷயம் ராகு காலத்துக்கும் பொருந்துமா? காலண்டரில் வெள்ளி 10.30–12 என்று வருடம் முழுக்க ஒரே மாதிரிதானே இருக்கிறது?

நாழிகை:
பொருந்தும். உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு ராகு காலம். ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்து அச்சிட்டதுதான் ஒன்றரை மணிக் கணக்கு. எந்தக் கிழமைக்கு எந்தப் பங்கு என்பதற்கு 'திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்று சொல்லிக்கொடுப்பார்கள். திங்கள் இரண்டாம் பங்கு, சனி மூன்று, வெள்ளி நான்கு, புதன் ஐந்து, வியாழன் ஆறு, செவ்வாய் ஏழு, ஞாயிறு எட்டு. முதல் பங்கு எந்தக் கிழமைக்கும் இல்லை. தை மாதத்தில் உதயம் தள்ளிப்போவதால் ராகு காலமும் கொஞ்சம் தள்ளும்.

அதேபோல் பஞ்சாங்கத்தில் நாழிகையில் போட்டிருந்தால் அதுவும் அந்த ஊர் உதயத்திலிருந்துதான். நாழிகைக்கு 24 நிமிடம், விநாடிக்கு 24 நொடி. '35-20' என்றால் 14 மணி 8 நிமிடம். உதயம் 6.04 என்றால் இரவு 8.12. வேறு ஊர்ப் பஞ்சாங்கத்தில் நாழிகையைப் பார்த்து உங்கள் ஊர் உதயத்தோடு கூட்டக் கூடாது.

ஆடிப்பட்டம்:
நன்றி ஐயா. 2023-இல் ஆடி முதல் தேதியே அமாவாசை, கடைசியிலும் ஒரு அமாவாசை. எதில் தர்ப்பணம் என்று அப்போது வீட்டில் பெரிய பேச்சு. அது ஏன்?

கரும்பலகை:
நம் மாதம் சூரிய மாதம். சூரியன் மேஷத்தில் நுழைந்தால் சித்திரை, கடகத்தில் நுழைந்தால் ஆடி. அஸ்தமனத்துக்கு முன் நுழைந்தால் அன்றே முதல் தேதி, பிறகென்றால் மறுநாள். ஜூலை தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு வெகுதூரத்தில் இருப்பதால் சூரியன் மெதுவாக நகர்வதாகத் தெரியும், எனவே ஆனி, ஆடி நீளம். ஆனிக்கு ஏறத்தாழ 31 நாள் 36 நாழிகை. ஜனவரி தொடக்கத்தில் அருகில் இருப்பதால் மார்கழிக்கு 29 நாள் 20 நாழிகைதான்.

அமாவாசை முதல் அமாவாசை வரை 29.53 நாள். அதைவிட நீளமான ஆடிக்குள் இரண்டு அமாவாசை நுழைய இடம் உண்டு. 2023-இல் ஜூலை 17-உம் ஆகஸ்ட் 16-உம் அப்படி வந்தவை. தெலுங்கர், கன்னடர் சந்திர மாதம் வைத்திருப்பதால் அவர்களுக்கு அதே சமயத்தில் அதிக மாதம் ஒன்று கூடியது. 19 வருடத்தில் ஏழு முறை இப்படிக் கூடும். நமக்கு மாதம் கூடாது, திதி மட்டும் இரட்டிக்கும்.

கொள்ளிடம்:
வைகைக்கரை அம்மாவுக்கும் இது உதவும். ஒரே மாதத்தில் தேய்பிறை அஷ்டமி இரண்டு முறை வந்தால் பெரும்பாலும் பின்னதை எடுப்பது வழக்கம். மார்கழி, தை போன்ற குறுகிய மாதங்களில் ஒரு திதி வராமலேயே போகவும் கூடும், சந்திர மாதத்தைவிட அவை நீளம் குறைந்தவை அல்லவா. அப்படி ஒரு வருடம் வந்தால் முன்கூட்டியே சாஸ்திரிகளிடம் கேட்டுவிடுங்கள். மாதம் பிறக்கும் நாளையும் அஷ்டமியையும் சேர்த்துப் பாருங்கள், ஒருநாள் தள்ளினால்கூட அஷ்டமி மார்கழிக்குப் போய்விடும்.

வைகைக்கரை:
இந்த வருடம் அந்தச் சிக்கல் இல்லை ஐயா, தை நடுவில்தான் வருகிறது. அண்ணனிடம் பேசினேன். அப்பாவுக்கு வாக்கியம் பார்த்துத்தான் செய்தோம், அம்மாவுக்கும் அதையே தொடர்வோம் என்றார். மதுரையில் புதன், டொரண்டோவில் செவ்வாய். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திதியிலேயே இவ்வளவு என்றால் நட்சத்திரத்திலும் இதே வித்தியாசம்தானா? பேத்தியின் ஆயுஷ்ஹோமம் நட்சத்திரப்படி வைக்கிறோம்.

நாழிகை:
நல்ல முடிவு. நட்சத்திரத்தில் இன்னொரு காரணமும் சேரும். திதி இரண்டு கோள்களின் இடைவெளி, எனவே ராசிமண்டலத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பது அதில் கழிந்துபோகும். நட்சத்திரம் சந்திரன் ஒன்றின் இடம், 13 பாகை 20 கலைக்கு ஒன்று. அளவு தொடங்கும் புள்ளியை நகர்த்தினால் நட்சத்திரம் முடியும் நேரமும் நகரும். அந்தப் புள்ளிக்கான அயனாம்சத்தைத்தான் (வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து அது தள்ளியிருக்கும் அளவு) மேகநாத் சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீரமைப்புக் குழு வரையறுத்தது, 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று. இன்று பெரும்பாலான திருக்கணிதங்கள் அதையே எடுக்கின்றன. யோகம் சூரிய சந்திர பாகைகளின் கூட்டுத்தொகை என்பதால் புள்ளி நகர்ந்தால் அங்கே வித்தியாசம் இரட்டிக்கும்.

குழந்தை பிறந்த நேரம் நட்சத்திரம் மாறும் நேரத்துக்குப் பல மணி நேரம் தள்ளி இருந்தால் எந்தப் பஞ்சாங்கத்திலும் ஒரே நட்சத்திரம்தான் வரும். மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்திருந்தால் ஜாதகம் எந்தப் பஞ்சாங்கத்தில் கணித்தார்களோ அதையே ஹோமத்துக்கும் பாருங்கள். பிறந்த நேரமும் ஊரும் தெரிந்தால் இரண்டிலும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.